அப்பாவின் துறை: திருகோணமலைப் பயணக் குறிப்புகள்

2025 ஜூலை 22, செவ்வாய்: இரவுப் புகையிரதம்

அப்பா காலமாகி ஓராண்டு நிறைந்து, ஆட்டைத்திவசமும் சென்ற ஆனியில் முடிந்துவிட்டது. தந்தையை இழந்தவர்கள் விரதமிருந்து பிதிர்க்கடன் செய்யும் ஆடி அமாவாசை இவ்வாண்டு ஜூலை 24 ஆம் திகதி வருகிறது. அப்பாவுக்காக நாங்கள் நோற்கும் முதல் அமாவாசை இது என்பதால், அவருடைய ஊரிலேயே, அவர் தம் தகப்பனாருக்காக ஆண்டுதோறும் முழுகிய கடலிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் தம்பியால் வர இயலவில்லை. அம்மாவும் நானும், பதினைந்து வயதான என் மகனும் வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம்.

அப்பா 1948 இல் திருகோணமலையில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்; 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதோடு அந்த வேலை போயிற்று. வீட்டில் உலை கொதிக்காத நாட்களை அறிந்து வளர்ந்ததனால்தான், கிடைத்த முதல் அரசாங்க வேலையை அப்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்று அம்மா சொல்வார். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்னர், ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த பாதையில் அவர் தொழிலாளியாகச் சேர்ந்தார். மிதவைப் படகைப் பாதை என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது. கயிறு எறிந்து துறையில் கட்டுவதும், வாகனங்களை நிரைப்படுத்துவதும், ஆட்களை ஏற்றி இறக்குவதுமாக அறுபது வயதுவரை அங்கேயே இருந்தார்.

வீட்டில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோயிலுக்குப் புறப்பட்டாலும், பேருந்தில் ஏறினாலும், இரவு கதவைப் பூட்டும்போதும், வலக்கைச் சுட்டுவிரலால் எங்கள் ஒவ்வொருவரின் தோளையும் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். நான்கு பேர் மட்டுமே இருந்த வீட்டில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று நானும் தம்பியும் கேட்டதுண்டு; அவர் பதில் சொன்னதில்லை. 1990 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது, இருட்டில் நடந்த அயலவர்கள் அனைவரையும் அவர் அப்படித் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்ததை அம்மா இன்று புகையிரதத்தில் மறுபடியும் சொன்னார்.

புகையிரதம் நடுக்காட்டில் நெடுநேரம் நின்றுவிட்டது. கடந்த பெப்ரவரியில் மட்டக்களப்புப் பாதையில் புகையிரதம் மோதி யானைகள் கூட்டமாக இறந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர் இருக்கையில் இருந்த கந்தளாய்ச் சிங்கள மூதாட்டி, அவித்த சோளத்தை மடியில் வைத்துப் பிரித்து, முதற்பங்கை என் மகனுக்கு நீட்டினார். அம்மாவுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் விடியும்வரை போதுமானதாக இருந்தன. தமக்கும் கணவர் இல்லை என்று அவர் சொன்னதும், இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

ஜூலை 23, புதன்: உவர்மலை, சந்தை, கோணேசர் கோயில்

தம்பலகாமத்தில் சிறுபோக நெல் பழுக்கத் தொடங்கியிருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் அந்த வயல்களைத் தாண்டியதும் சீனன்குடா. பற்றைகளுக்கு இடையே, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் துருவேறி நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய கதையை, தம் தகப்பனார் வாயால் கேட்டபடி, இந்த இடம் வந்ததும் அப்பா சொல்லத் தொடங்குவார். இம்முறை அம்மா சொன்னார். அப்பாவின் சொற்கள் அப்படியே, நிறுத்துமிடங்கள்கூட மாறாமல் வந்தன.

நாங்கள் தங்கியது உவர்மலையில், எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டில். ஓய்வுபெற்ற ஆசிரியையான அந்த அக்கா விடுதிக்குப் போக விடவில்லை. இடியப்பமும் சொதியும் சம்பலும் சுடச்சுட வைத்தார். வெயில் ஏறுவதற்குள் குளித்துவிடுங்கள் என்று வாளியில் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்தார். கச்சான் காற்று வீசும் காலம் இது. நிலம் காய்ந்து, முற்றத்துப் புழுதி எழும்பி, துவைத்துப் போட்ட சேலை கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. எங்கள் பழைய வீட்டில் இப்போது குடியிருக்கும் இளம் தம்பதியர் அம்மாவை உள்ளே அழைத்து, அப்பா நட்ட மாமரத்தைக் காட்டினார்கள். அம்மா மரத்தைத் தொடவில்லை. கிளைகள் கூரையில் உரசுகின்றன, மாரிக்கு முன்னர் வெட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சந்தையில் நாளைய விரதத்துக்கான கூட்டம். தேங்காய் ஒன்று 200 ரூபாய். வாழைக்காய்க்கும் பூசணிக்கும் விலை கேட்கவே தயக்கமாக இருந்தது. ஆடி அமாவாசைக்கு மட்டுமே தேடப்படும் காத்தோட்டிக்காயைச் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்த பெண், பத்துக் காய்க்கு 150 ரூபாய் என்றார். முள்ளுக்கொடியில் காய்க்கும் அதைப் பறித்ததில் அவருடைய முன்கை முழுவதும் கீறலாக இருந்தது. அம்மா பேரம் பேசாமல் கொடுத்தார். யாருக்கு விரதம் என்று அந்தப் பெண் கேட்டார். அவருக்கு என்று அம்மா தம் வெறுங்கழுத்தைத் தொட்டுச் சொன்னதும், இரண்டு காய்களை மேலதிகமாகப் பையில் போட்டார்.

எள்ளும் தர்ப்பையும் புதிய வேட்டியும் இருந்த பை, திரும்பி வந்த ஓட்டோவிலேயே போய்விட்டது. நாங்கள் பதறிக்கொண்டிருந்தபோது, ஒரு மணி நேரம் கழித்து அதே ஓட்டோக்காரத் தம்பி வாசலில் வந்து நின்றார். இடையில் நிலாவெளிக்கு ஒரு சவாரி போயிருக்கிறார்; பையைத் திறந்து தர்ப்பையைக் கண்டதும் நாளைக்குத் தேவைப்படும் என்று விளங்கிவிட்டதாம். கொடுத்த 500 ரூபாயில் 200 ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்.

மாலையில் கோணேசர் கோயில். கோட்டை வாசலைத் தாண்டி ஏறும் வழியில் புள்ளிமான்கள் மனிதரைப் பற்றிய பயமே இல்லாமல் நிற்கின்றன. போர்த்துக்கேயர் 1622 இல் இடித்த கோயில் இது. 1950 இல் கிணறு தோண்டியபோது பழைய விக்கிரகங்கள் வெளிப்பட, ஊர் கூடி மறுபடியும் கட்டியெழுப்பி 1963 மார்ச்சில் குடமுழுக்குச் செய்தது. அப்போது அப்பாவுக்குப் பதினைந்து வயது. மலையடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஏற்றிய பையன்களில் தாமும் ஒருவர் என்பதை எங்களிடம் சொன்னதைவிட என் மகனிடம்தான் அதிகம் சொல்லியிருக்கிறார். மகன் இராவணன் வெட்டின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே கடல் பாறையில் அறைவதைப் பார்த்தவாறு, எந்த வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள் என்று கேட்டான். எங்களுக்குத் தெரியவில்லை. பிரசாதக் கடையில் இருந்த முதியவர் எழுந்து வந்து, படிகள் செப்பனிடப்படுவதற்கு முன்னர் இருந்த ஒற்றையடிப் பாதை எங்கே போயிற்று என்று கையால் காட்டினார். மகன் சற்றுத் தூரம் அதன் வழியே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான்.

ஜூலை 24, வியாழன்: ஆடி அமாவாசை

விடியற்காலையிலேயே கடற்கரை நிறைந்துவிட்டது. பிள்ளைகளும் முதியவர்களுமாகக் குடும்பம் குடும்பமாக மணலில் இருக்கிறார்கள். குருக்கள்மாரைச் சுற்றி வட்டமாக ஆண்கள். இந்த மாதத்தில் இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும் என்பது வசதி.

மகன் இல்லாத இடத்தில் மகள் வயிற்றுப் பேரன் கடன் செய்யலாமா என்ற தயக்கம் அம்மாவுக்கு இருந்தது. தாராளமாகச் செய்யலாம் என்றார் குருக்கள். இறந்தவரின் பெயரைக் கேட்டார், மகன் சொன்னான். அவருடைய தகப்பனார் பெயரைக் கேட்டார், நான் சொன்னேன். அதற்கும் மேலே, பாட்டனார் பெயரைக் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற அம்மா உடனே சொன்னார். பிறந்த வீட்டுப் பெயரல்ல அது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் மணமாகி வந்த வீட்டின், தாம் கண்டிராத ஒருவரின் பெயர். ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் அப்பா கடலிலிருந்து ஈரத்தோடு ஏறிவந்து இந்தப் பெயர்களை வரிசையாக ஒருமுறை சொல்லிக் காட்டுவாராம், தமக்குப் பிறகு கேட்பார்கள் என்று.

எள்ளும் நீரும் மகனின் விரலிடுக்கால் வழிந்தன. மந்திரத்தைத் திருத்தமாகச் சொல்ல அவன் பட்ட பாட்டைக் குருக்கள் பொறுமையோடு பார்த்திருந்து, சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுத்தார். தட்சணை எவ்வளவு என்று கேட்டதற்கு, உங்களால் இயன்றது என்றார். கடலில் முழுகிவிட்டுக் கரையேறிய மகன், ஈர வேட்டியோடு நின்று, சுட்டுவிரலால் அம்மாவின் தோளைத் தொட்டான். பிறகு என் தோளைத் தொட்டான். எதையும் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. தலை துவட்டும் துவாயைத் தேடத் தொடங்கிவிட்டான். அம்மா மட்டும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சமையல் நண்பகல்வரை நீண்டது. காத்தோட்டிக்காயைப் பிளந்து, விதையைச் சுரண்டி எறிந்து, உப்பு நீரில் போட்டு, பிழிந்து, எண்ணெயில் பொரிக்க வேண்டும். எவ்வளவு பொரித்தாலும் கசப்பு முழுமையாகப் போகாது. இலையில் அப்பாவுக்குப் படைத்தவை: பூசணிக்காய்க் கறி, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பருப்பு, பாயசம், ஒரு குவளை வெறும் தேநீர், அதனருகே ஒரு துண்டு பனங்கட்டி. தேநீரைப் பனங்கட்டி கடித்துக்கொண்டே குடிப்பார். சீனி போட்டுக் கொடுத்தால் குடித்துவிடுவார், ஆனால் இரண்டாவது தடவை கேட்கமாட்டார். காகத்துக்கு வைத்துவிட்டு உண்ண அமர்ந்தோம். மகன் கசப்பை விழுங்கத் திணறினான். முன்பெல்லாம் அப்பா ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டை வைத்துவிட்டு, விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். அதட்டியதில்லை. தாமும் உண்ணாமல் காத்திருப்பார், அதனாலேயே விழுங்கிவிடுவோம்.

ஜூலை 25, வெள்ளி: கிண்ணியா

துறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவன் மகன்தான். வெள்ளைமணல் வழியாகப் பாலத்தை அடைந்தோம். 2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி திறக்கப்பட்ட இந்தக் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. திறந்தபோது இலங்கையின் மிக நீண்ட பாலம். அப்பா ஓய்வுபெற்ற மறுவருடம் இது திறந்தது. தம் வாழ்நாள் வேலையை இல்லாமற் செய்த பாலத்தைப் பற்றி அவர் வருந்துவார் என்று நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அவரோ அம்மாவை அழைத்துவந்து, முழு நீளத்தையும் நடந்து கடந்து, நடுவில் நின்று, இனி இரவில் வருத்தக்காரரை வைத்துக்கொண்டு யாரும் கரையில் நிற்கத் தேவையில்லை என்றாராம். நாங்களும் ஓட்டோவை அனுப்பிவிட்டு நடந்தோம். கச்சான் காற்று அம்மாவின் குடையைப் பின்பக்கமாக மடித்துவிட்டது.

பாலத்தின் மறுபக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சிறிய தேநீர்க் கடை. ஜும்ஆத் தொழுகைக்காகக் கடையை மூட ஆயத்தமாகிக்கொண்டிருந்த முதியவர், அம்மாவைக் கண்டதும் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

“அக்கா, நீங்கள் பாதை அண்ணன்ட வீட்டுக்காரர்தானே?”

அப்பாவின் மறைவு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் வாங்கில் உட்கார்ந்து, அரபு மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். தொழுதுவிட்டு வருகிறேன், போய்விடாதீர்கள் என்று எங்களை உள்ளே இருத்தி, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது, எருமைத் தயிர்ச் சட்டியும் கதலி வாழைப்பழமும் கையில் இருந்தன. பக்கத்தில் பிரியாணி மணத்தது. அதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அண்ணன் தயிரும் பழமும் தவிர வேறொன்றும் தொடமாட்டாரே என்றார். வெள்ளி விரதத்தில் அப்பா பகலில் என்ன சாப்பிட்டார் என்பது அம்மாவுக்கே புதிய செய்தி. கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதி என்னவாயிற்று என்று கேட்டார். அது துறையில் நின்ற யாராவது ஒரு பிள்ளைக்குப் போய்விடும் என்றார் அவர்.

பிறகு தம் கல்யாணக் கதையைச் சொன்னார். 1984 இல், மாப்பிள்ளை ஊர்வலமாகக் கிண்ணியாவிலிருந்து திருகோணமலை ஜமாலியாவுக்குப் போக வேண்டும். சொந்தம் முழுவதும் துறைக்கு வந்துவிட்டது. அப்பா ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டே ஏற்றினார். பாதிப் பேர் ஏறியதும் கயிற்றைக் குறுக்கே பிடித்துவிட்டார். மாப்பிள்ளை பாதையிலும் மாப்பிள்ளையின் வாப்பா கரையிலுமாக நின்றார்கள். நல்ல நேரம் தப்புகிறது என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு மாமா அப்பாவின் தோளிலிருந்த சால்வையை இழுத்துத் தண்ணீரில் எறிந்தார். அப்பா குனிந்து அதை எடுத்துப் பிழிந்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்த நடையில் எல்லோரும் வரலாம், நான் திரும்ப வருவேன் என்று மட்டும் சொன்னாராம். இரண்டாவது நடையில் அந்த மாமாவையே முதலில் ஏற்றினாராம்.

“அன்றைக்குக் காற்றும் இல்லை, அலையும் இல்லை. கண்ணாடி மாதிரிக் கடல். சும்மா எங்களை மறித்தவர் என்று வருசக்கணக்காகச் சொல்லித் திரிந்தேன், அக்கா. எல்லோரையும் அப்படித்தான் மறிப்பார். பொலிஸ்காரர் வந்தாலும் எண்ணுவார், ஆமிக்காரர் வந்தாலும் எண்ணுவார். அவருக்கென்று ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒரு குழந்தை என்றாலும் அடுத்த நடைதான்.”

அவர் சற்று நிறுத்தினார். 2021 நவம்பர் 23 ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்ட செய்தி நாடு முழுவதும் அறிந்தது. அப்பா அன்று உண்ணவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரியாதது இதுதான்: மறுநாள் அவர் கிண்ணியாவுக்கு வந்திருக்கிறார். எழுபத்துமூன்று வயதில், தனியாக, பேருந்தில் வந்து, இறந்த பிள்ளைகளின் வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் நடந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சற்று நேரம் நின்றுவிட்டு, இந்தக் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எத்தனை பேர் ஏறினார்கள், எண்ணி ஏற்றியது யார் என்று கேட்டாராம். வேறொன்றும் பேசவில்லையாம். கொடுத்த தேநீர் ஆறிப்போய், அப்படியே இருந்ததாம்.

“அன்றைக்குத்தான் என்ட கல்யாணக் கதையை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அந்தக் கல்யாணமே ஞாபகம் இல்லை.”

வங்கிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் அவர் அன்று புறப்பட்டார் என்று அம்மா சொன்னார். வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்ததும், அதை வாங்கிக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் அம்மாவுக்கு நினைவிருந்தது. ஐம்பது ஆண்டுக் குடித்தனத்தில் அவர் எனக்கு மறைத்தது இது ஒன்றுதான் போலிருக்கிறது என்றார். அதில் கோபம் இல்லை. பெருமைதான் இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

மரண அறிவித்தலில், எல்லோரும் எழுதுவதுபோல, அன்புக் கணவரும் பாசமிகு தந்தையும் அருமைப் பாட்டனாருமாவார் என்று அச்சிட்டோம். அந்த மூன்றும் உண்மை. ஆனால் எங்கள் தோளைத் தொட்டு எண்ணிய அந்த விரல், எங்களைத் தொடுவதற்கு முன்னர் ஒவ்வொரு நாளும் முன்பின் அறியாத எத்தனையோ பேரைத் தொட்டு எண்ணியிருக்கிறது. நாங்கள் சிரித்த அந்த வழக்கம், அவர் பொறுப்பேற்ற உயிர்களின் கணக்கு. அவரை நல்லவர் என்று எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எப்படி நல்லவர் என்று இந்தத் தேநீர்க் கடை வாங்கில்தான் கேட்டேன்.

காசு கொடுக்க முயன்றபோது, கடைக்கார நானா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என் மகனைக் கூட்டிக்கொண்டு போய், பழைய துறையில் கயிறு கட்டிய இடம் எது என்று காட்டினார். பற்றையும் உடைந்த சீமெந்தும் மட்டுமே அங்கே இருந்தன. மகன் நெடுநேரம் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 26, சனி: கன்னியா

காலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக வாளை ஊன்றி உண்டாக்கியவை என்று சொல்லப்படும் ஏழு சிறு கிணறுகள்; ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். அப்பாவின் அந்தியேட்டிக்கு வந்தபோது அழுகையில் எதையும் பார்க்கவில்லை. இன்று அம்மா நிதானமாக வாளியில் அள்ளி, சூடு பொறுக்கக்கூடிய கிணறு எது என்று பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டார். அமாவாசைக் கூட்டம் இன்னும் குறையவில்லை. முன்னால் நின்ற குடும்பம் அம்மாவின் வயதைக் கண்டு வழிவிட்டது.

மதியம் அடுத்த வீட்டு அக்கா கீரிமீன் குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் வைத்தார். விரத நாட்களுக்குப் பிறகு அந்தச் சோறு அமிர்தமாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கிண்ணியாவிலிருந்து நானா தொலைபேசியில் அழைத்தார். அப்பாவோடு ஒரே காலத்தில் பாதையில் சேர்ந்தவர் ஒருவர் மூதூரில் இருக்கிறாராம். எண்பது கடந்தவர், கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை. அப்பா வேலைக்கு வந்த முதல் மாதத்தில் துறையில் நடந்த ஏதோ ஒன்றை அவர்தான் நேரில் பார்த்தவராம். அதன் பிறகுதான் அப்பா எண்ணத் தொடங்கினாராம். என்ன நடந்தது என்பதை நானா சொல்லவில்லை. அவர் வாயாலேயே கேளுங்கள் என்றார்.

இன்றிரவுப் பயணச்சீட்டுகளை விட்டுவிட்டோம். அந்தப் பணம் திரும்பக் கிடைக்காது. மகனின் பள்ளிக்கூடத்துக்கு அறிவித்தாயிற்று. தம்பி கனடாவிலிருந்து, எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறான். பெரியவருக்குப் பனங்கட்டியும் ஒரு நல்ல சாரமும் வாங்க அம்மா சந்தைக்குப் புறப்பட்டுவிட்டார். நாளை காலை மூதூருக்குப் போகிறோம்.